சண்டைக்கு மூச்சில்லை

அந்தக் கண்ணாடிக் கடையில் தப்பான அளவைச் சொல்லிவிட்டு வந்தவர்கள் இரண்டாம் முறை அந்தப் பக்கம் தலைவைக்க யோசிப்பார்கள். ஜன்னலுக்கு அரை அங்குலம் கூட்டிச் சொல்லி, வெட்டி வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திரும்பிவந்து "கொஞ்சம் தேய்ச்சுக் குறைச்சுத் தாங்களேன்" என்று இளித்தால் தொலைந்தார்கள். கண்ணாடி என்ன ரப்பரா என்று கடைக்காரி ஆரம்பிப்பாள். தெருமுனை வரைக்கும் கேட்கும். கடை அவள் அப்பாவுடையது. பதினாறு வயதில் கட்டரைக் கையில் எடுத்தவள். ஐம்பத்தொரு வயதுக்குள் பத்து விரலில் தழும்பு இல்லாத விரல் ஒன்றுதான் மிச்சம். கோடு போட்டு, மேஜை விளிம்பில் வைத்து, ஒரே தட்டில் பிரித்தெடுப்பாள். கோணல் வராது. வாய்தான் கோணல் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லுவார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

அவளுக்குச் சில்லு என்று பேர் வைத்தது அவள் புருஷன். டவுன் பஸ் டிரைவர். கலியாணத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்து, வெட்டி வைத்த கண்ணாடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ரத்தம் வரவழைத்துக்கொண்டு நின்றார். அவள் துணி கட்டிவிட்டபடியே திட்டிய திட்டில் அவருக்கு விரல் வலி மறந்துவிட்டதாம். "உடைஞ்ச சில்லு மாதிரி இருக்க, எந்தப் பக்கம் தொட்டாலும் குத்துது" என்றார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூடச் சில்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கலியாணம் ஆகிப் போன வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் ஹெட்கிளார்க். கலியாணம் செய்துகொள்ளாதவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வீடு அவள் பேரில் இருந்தது. இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முழங்கை இடிக்கிற சமையலறை. அந்தச் சமையலறையில்தான் இருபத்திரண்டு வருஷச் சண்டை நடந்தது. எந்த அலமாரி யாருக்கு, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, துணியை யார் முதலில் காயப்போடுவது. நாத்தனாரும் சில்லுவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிய நாட்களை எண்ணிவிடலாம். "தம்பி, அவகிட்ட சொல்லு, குழாயை மூடச் சொல்லி" என்பாள் அக்கா. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, மூடித்தான் இருக்குன்னு" என்பாள் இவள். டிரைவர் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். சமயத்தில் எழுந்துபோய்க் குழாயைத் தானே மூடிவிட்டு வருவார். பிள்ளை இல்லை. அதற்கும் ஒரு சண்டை இருந்தது. அதை இருவருமே வாய்விட்டுப் போட்டதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் டிரைவரின் காலணி அவருக்குப் பத்தாமல் போனது. கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தை இறைக்கிற சக்தி கால்வாசிதான் இருக்கிறது, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கி ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் தெருமுனை வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வந்தார். சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரி. அந்தத் தடவைதான் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சின்ன அறை. மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. அதைப் பார்த்ததுமே சில்லுவுக்கு உடம்பு எரிந்தது. டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாத்திரைகளைப் பற்றி ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"இன்னும் ஒரு வருஷத்துல இவர் நம்மகூட இல்லைன்னா, உங்களுக்கு அது அதிர்ச்சியா இருக்குமா?"

"நீங்க இன்னும் ஒரு வருஷம் இந்த வேலையில இருந்தாத்தான் எனக்கு அதிர்ச்சியா இருக்கும்" என்றாள் சில்லு.

டாக்டர் கோபப்படவில்லை. ஹாஸ்பிஸ் என்று ஒன்று இருக்கிறது, நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு ஆளைக் கவனிக்கிற சிகிச்சை, வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை, யோசித்து வையுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். சில்லு அதை வாங்காமல் எழுந்து, கதவு அதிரச் சாத்திவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் அபூர்வமாக அவள் முகத்தைப் பார்த்து, "அவ டாக்டரா, என்னது அது? புத்திகெட்டவ" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அதன் பிறகு டிரைவரைக் காப்பாற்றுவதில் இரண்டு பேருக்கும் போட்டி. காலையில் எடை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சில்லு ஒரு தடவை பார்ப்பாள், அவள் கடைக்குப் போனதும் நாத்தனார் மறுபடி ஏற்றி இறக்குவாள். உப்பில்லாமல் சமைத்தார்கள். கால் வீங்கினால் நீதான் உப்பு போட்டாய் என்று ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள், அவர் மூலமாகத்தான். குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். ஒரு மிடறு அதிகம் கேட்டால் இரண்டு பக்கமிருந்தும் வசவு. மனிதர் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு தெருமுனை என்ன, வாசல்கூடத் தூரமாகிவிட்டது. கழிவறைக்குப் போய் வந்தால் கால்மணி நேரம் சுவரைப் பிடித்தபடி நின்றார். அவருடைய பெல்ட்டில் சில்லு கடை ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டாள். ஒரு மாதத்தில் இன்னொன்று. கால் பானை மாதிரி வீங்கியிருக்க, தோளில் எலும்பு துருத்தியது. ரேடியோவைப் போடச் சொல்வதில்லை. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பகலிலும் பாதி நேரம் தூக்கம். சில்லுவின் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசலைத் தடவியே கண்டுபிடிக்கிற கை அவளுடையது. ஆனால் வாய்க்கு வரவில்லை. சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று இருந்தாள். அதனால் கடையில் முன்னைவிட அதிகமாகக் கத்தினாள். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் பெரிய கண்ணாடிக்கு முன்பணமே கொடுத்துவிட்டு, அவள் வாய்க்குப் பயந்து கண்ணாடியை வாங்கத் தன் தம்பியை அனுப்பினார்.

நான்காம் தடவை அவசரப் பிரிவு. பார்வை நேரம் மாலை நான்கு மணி. உள்ளே போனவள் கட்டில் அருகில் நின்றுவிட்டாள். டிரைவரின் இரண்டு மணிக்கட்டையும் வெள்ளைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். முகத்தில் இறுகிய முகமூடி. காற்று புஸ்ஸென்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, அசைய முடியாமல் விரலை மட்டும் விரித்துக் காட்டியது. அவள் முடிச்சை நகத்தால் பிய்த்தாள். வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். முகமூடியை மூன்று தடவை பிடுங்கிவிட்டார், அதனால்தான் கட்டினோம், தயவுசெய்து அவிழ்க்காதீர்கள் என்றாள்.

"ஏன் புடுங்குறாருன்னு அவரைக் கேட்டீங்களா?" என்று கத்தினாள் சில்லு.

அந்த நர்ஸுக்கும் அன்று பொறுமை தீர்ந்திருந்தது போல. "நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

சில்லு முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். நர்ஸே கட்டை அவிழ்த்து, முகமூடியை எடுத்துவிட்டு, மூக்கில் சின்னக் குழாயை வைத்து, பத்து நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள்.

"என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். திட்டுகிற குரலில்தான் வந்தது. வேறு குரல் அவளுக்குப் பழக்கமில்லை.

"போதும்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "வீட்டுக்குப் போலாம். மறுபடி இங்க வேணாம். போன தடவையே சொல்லிட்டேன், அந்தத் தடியான நர்ஸ்கிட்ட."

"எந்த நர்ஸ்?"

"ஹாஸ்பிஸ்காரர். வந்து பேசிட்டு இருப்பாரு."

அவளுக்குத் தலைக்கு ஏறியது. கட்டின பெண்டாட்டி தினமும் நாலு மணிக்கு வந்து நிற்கிறாள், யாரோ ஒரு ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ சண்டை போடுவ. அக்காகிட்ட சொன்னா அவ அழுவா." கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டுக்கும் எனக்கு மூச்சு இல்ல, சில்லு."

அவள் வெளியே வந்தாள். அழவில்லை. அந்தத் தடித்த நர்ஸைத் தேடிக்கொண்டு போனாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, பெரிய கை. அவள் கொட்டித் தீர்த்தாள். என் வீட்டு விஷயம், இரண்டரை மாசமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாய், நீ மனிதனா என்றெல்லாம். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். அவர் பிஸ்கட்டைப் பையில் வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"வீட்டுல சொல்ல வேணாம்னு அவர் சொன்னாரு. நான் மீற முடியாது" என்றார். "நீங்களே பேசுங்கன்னு மூணு தடவை சொன்னேன். அவருக்கு நோயைவிட உங்க ரெண்டு பேரையும் நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அவள் படியில் உட்கார்ந்தாள். அவரும் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கிறதா, ஒவ்வொரு தடவையும் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பாமல் ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறாரா, சாப்பாடு குறைந்து உடம்பு உருகுகிறதா, பகலெல்லாம் தூங்குகிறாரா, சிகிச்சை கொடுக்கிற நிம்மதியைவிட அது படுத்துகிற பாடு அதிகமாகிவிட்டதா, எல்லாவற்றுக்கும் மேலே, அவரே போதும் என்கிறாரா. இதெல்லாம் சேர்ந்து வந்தால் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் கடைசி நாலு நாளில்தான் கூப்பிடுகிறார்கள், அப்போது எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான் என்றார். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம், யாரும் கதவைப் பூட்டப்போவதில்லை என்றும் சொன்னார். அவர் அடுக்கிய ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் ஒரு நாள், ஒரு காட்சி வந்து நின்றது. பெல்ட்டின் இரண்டாவது ஓட்டை வந்து நின்றது. அந்த ஆள் நிதானமாகப் பேசப் பேச அவளுக்கு அவர்மேல் வெறுப்புத்தான் வந்தது.

நாத்தனாரிடம் அன்றே நேராகச் சொன்னாள். நாத்தனார் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கொல்லப் போறியா?"

"அவரே சொல்றாரு, அண்ணி."

"அவன் சொல்லுவான். அவனுக்கு என்ன தெரியும்? உனக்குச் சலிச்சுப்போச்சு. அதைச் சொல்லு."

அந்தச் சொல் சில்லுவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சலித்துத்தான் போயிருந்தது என்பதுதான் அதில் கொடுமை. நாத்தனார் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஹாஸ்பிஸுக்குச் சம்மதம் என்ற தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கிக் கோணல் மாணலாக விழுந்தது. நாத்தனார் அதைப் பார்த்து, இது செல்லாது, அவன் கையெழுத்தே இது இல்லை என்று டாக்டரிடம் வாதாடினாள்.

முன்னறையில் தலைப்பக்கம் தூக்கி வைக்கிற கட்டில் வந்தது. முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி. தடித்த நர்ஸ் ஒரு பழுப்பு பாட்டிலைக் கொடுத்தார். மார்ஃபின் திரவம். மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் மூச்சு முட்டுகிற தவிப்பை அடக்கும், ஆளைக் கொல்லாது என்று இருவரையும் நிற்க வைத்து விளக்கினார். நாத்தனார் பாட்டிலில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை மட்டும் படித்தாள்.

மூன்றாம் நாள் மதியம் சில்லு கடையில் ஷோகேஸ் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாத்தனார். அவள் போன் செய்ததே கிடையாது. "மூச்சு... அவனுக்கு மூச்சு..." என்றாள். சில்லு கண்ணாடியை மேஜையில் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். டிரைவர் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி காற்றைப் பிடித்து இழுத்தார். கண் இரண்டும் அவளைத் தேடின. அவள் அலமாரியைத் திறந்தாள். பாட்டில் காலியாக இருந்தது.

"எங்க அது?"

நாத்தனார் சமையலறைத் தொட்டியைப் பார்த்தாள். காலையிலேயே கொட்டிவிட்டிருந்தாள். விஷம் என்று நினைத்துத்தான் கொட்டினாள். அதைச் சொல்லவும் முயன்றாள்.

"தொட்டிகிட்ட போய்க் கேளுங்க" என்றாள் சில்லு, நர்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே. "அதுக்கு இப்ப மூச்சு நல்லா வருதான்னு கேளுங்க."

நர்ஸ் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஒருத்தி முதுகைத் தாங்கினாள், ஒருத்தி விசிறியைப் பிடித்தாள். டிரைவரால் முனகக்கூட முடியவில்லை. முனகவும் மூச்சு வேண்டும். நர்ஸ் வந்து நாக்குக்கடியில் மருந்தை விட்டார். இருபது நிமிஷத்தில் தோள்பட்டை மெல்ல இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தலை தலையணையில் சாய்ந்தது. நாலு மாதமாக அவர் அப்படிச் சாய்ந்து தூங்கி யாரும் பார்த்ததில்லை. நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸிடம் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கேட்டாள். ஆபீஸ் கையெழுத்தில் தாளில் கோடு போட்டு எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில்லுவும் மன்னிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மருந்து நாத்தனாரின் இலாகா. சில்லு ஒரு வேளை கொடுத்து இரண்டு நிமிஷம் தாமதமாகிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். நர்ஸ் கொஞ்சம் உப்பு போட்டுக் கொடுங்கள், ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்றபோது எவ்வளவு உப்பு என்பதற்கு ஒரு சண்டை. டிரைவர் முட்டையும் ரொட்டியும் கேட்டுத் தின்றார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு உப்பு. நாக்கைச் சப்புக்கொட்டினார். முதல் மூன்று வாரம் அவர் மறுபடி மனிதராக இருந்தார். கூட வேலை பார்த்த கண்டக்டர்கள் வந்தார்கள். ஒரு பிரேக் பிடிக்காத பஸ்ஸை இறக்கத்தில் எப்படி நிறுத்தினார் என்ற கதையைப் பாதிப் பாதியாகச் சொன்னார். மீதியை அவர்கள் சொன்னார்கள். ஒருநாள் சில்லுவின் கையைத் திருப்பித் தழும்புகளை எண்ணினார். "இந்த ஒரு விரல் எப்படித் தப்பிச்சுது?" என்று கேட்டார். தெரியலை என்றாள்.

நாலாவது வாரம் தூக்கம் கூடியது. ஐந்தாவது வாரம் சாப்பாடு நின்றது. நர்ஸ் சொல்லித் தந்தபடி பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் காலை, வெயில் ஏறின நேரம், ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றாள் நாத்தனார், வெயில் முகத்தில் அடிக்கிறதாம். காற்று வேண்டும், திறந்திருக்கட்டும் என்றாள் சில்லு. அவருக்கு மேலாகக் குரல் உயர்ந்தது. உயர்ந்துகொண்டே போனது. நாத்தனார்தான் முதலில் நிறுத்தினாள். தம்பியின் நெஞ்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"போயிட்டான்" என்றாள்.

பயந்தது எதுவும் நடக்கவில்லை. மூச்சு முட்டல் இல்லை, கட்டின கை இல்லை. அவர்களுடைய சத்தத்துக்கு நடுவிலேயே, இத்தனை வருஷம் இருந்த மாதிரியே, சும்மா போயிருந்தார்.

சில்லுவுக்கு வெகுநாள் கோபம் அடங்கவில்லை. ஆனால் திசை மாறிவிட்டது. டாக்டர்மேலும் நர்ஸ்மேலும் இருந்தது கரைந்து, தன்மேல் வந்து நின்றது. முப்பத்தெட்டு நாள் கிடைத்தது. மூன்றாம் தடவையே காது கொடுத்துக் கேட்டிருந்தால் நூறு நாளுக்கு மேல் கிடைத்திருக்கும். அந்த உப்பு, அந்தத் தூக்கம், அந்தக் கதைகள். தன்னைத் திட்டிப் பழக்கமில்லாததால் அவளுக்கு அது சரியாக வரவும் இல்லை. இரண்டு கண்ணாடியைக் கோணலாக வெட்டினாள். வீட்டில் நாத்தனாரும் அவளும் அப்படியேதான் இருக்கிறார்கள். நடுவில் ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் நேருக்கு நேர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் சண்டை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துத் தடித்த நர்ஸ் கடைக்கு வந்தார். ஒரு மகன், அம்மாவை ஐந்தாம் தடவை சேர்த்திருக்கிறார், எங்களை அறைக்குள்ளேயே விடுவதில்லை, நீங்கள் வந்து பேச முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்றாள். ஆறுதல் சொல்ல எங்களிடமே ஆள் இருக்கிறது என்றார் அவர்.

போனாள். அந்த மகன் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நீ யார், எத்தனை பேரை இப்படி வழியனுப்பிவைத்தாய் என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கத்தி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, தன் புருஷன் கையைக் கட்டியிருந்ததையும், பாட்டிலையும், முப்பத்தெட்டு நாளையும் சொன்னாள். தான் எவ்வளவு தாமதம் செய்தாள் என்பதையும் சேர்த்து. அவர் வெளியே போ என்றார். போய்விட்டாள்.

கீழே வந்து நர்ஸிடம், இனிமேல் இந்த மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அந்த மகன் என்ன முடிவு செய்தார் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் நர்ஸ் மறுபடி போன் செய்தார், வேறொரு வீடு, ஒரு அப்பா, இரண்டு மகள்கள். அவரைத் திட்டிவிட்டு, எந்த வார்டு என்று கேட்டாள்.